முதல் வாள் மரவாளாகவே இருக்கட்டும்

வாள் என்றவுடன் கண்ணைப் பறிக்கும் அதன் ஒளியும், காற்றைக் கிழிக்கும் அதன் ஓசையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அகிரா குரோசாவா 1954ஆம் ஆண்டில் எடுத்த ‘ஏழு சாமுராய்கள்’ படத்தைக் கண்ட இளைஞன் எவனும் சில நாள்களேனும் கனவில் கத்தானாவைச் சுழற்றாமல் இருந்திருக்க மாட்டான். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கனவு கலையும் முன்னரே கடைக்கு ஓடி, பளபளக்கும் வாளொன்றை வாங்கிவிடுகிறானே, அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஜப்பானிய வாட்கலையைக் கற்கப் புகுவோன் முதலில் கையிலெடுக்க வேண்டியது எஃகு வாள் அன்று, மரவாள். இதுவே என் துணிபு.

அதே படத்தில் வரும் ஒரு காட்சியைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரு வீரர்கள் முதலில் கழிகளால் மோதுகின்றனர். ‘இருவரும் சமம்’ என்கிறான் ஒருவன். ‘மெய்யான வாளாக இருந்திருந்தால் உன் உயிர் போயிருக்கும்’ என்கிறான் மற்றவன். நம்பாதவன் மெய்வாளை உருவுகிறான், மடிகிறான். கழியே உண்மையைச் சொல்லிவிட்டது. அதைக் காணும் கண்தான் ஒருவனுக்கு இருந்தது, மற்றவனுக்கு இல்லை. அந்தக் கண்ணைப் பெறத்தானே பயிற்சி!

மரவாளை ஜப்பானியர் ‘பொக்குத்தோ’ என்பர். வெளிநாடுகளில் ‘பொக்கென்’ என்ற பெயரே பெருவழக்கு. இதை விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டா. மியாமோட்டோ முசாஷி 1612இல் கன்ரியூ தீவில் சசாகி கொஜிரோவை வீழ்த்தியது மரவாளால்தான் என்றும், அதுவும் படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்தது என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. 1912இல் வகுக்கப்பட்ட கெண்டோவின் பத்துப் பயிற்சி முறைகளும் இன்றளவும் மரவாள் கொண்டே பயிலப்படுகின்றன. பல ஆண்டுகள் பயின்ற ஆசான்களும் அதனைக் கீழே வைத்துவிடவில்லை. எனவே மரவாளில் இடும் பணம் வீண்போகாது.

இனி, எஃகு வாளின்பால் மயங்குவோர்க்கு ஒரு சொல். சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்படும் மலிவான வாள்கள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. அவற்றுள் பல எவர்சில்வரால் ஆனவை. சமையற்கட்டுக் கத்திக்கு அது நல்ல உலோகம்; நீண்ட வாளுக்கு உதவாது. வீச்சின் அதிர்ச்சியைத் தாங்காமல் ஒடியக்கூடியது. அதைவிடப் பெரிய கேடு பிடிக்குள் மறைந்திருக்கிறது. முறையான ஜப்பானிய வாளில் அலகின் அடிப்பகுதி பிடிக்குள் நெடுந்தூரம் சென்று, மூங்கில் ஆணியால் பிணிக்கப்பட்டிருக்கும். அலங்கார வாளிலோ பெரும்பாலும் எலிவால் போன்ற மெல்லிய கம்பியொன்று பற்றவைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். வேகமாக வீசும்போது பற்று விட்டால், பிடி கையில் இருக்கும், அலகு பறக்கும். எதிரே நிற்பவன் நண்பனா பகைவனா என்று அது பார்க்காது. கலை கற்க வந்த இடத்தில் உடன் பயில்வோன் கண்ணையோ உயிரையோ பறிகொடுக்க வேண்டுமா?

‘சரி, விலை கொடுத்து நல்ல கூர்வாளையே வாங்குகிறேன்’ என்பார் உளர். அவர்கள் வாளை உறையிலிருந்து உருவும் கலையான இயாய்டோவைச் சற்றே நோக்கட்டும். அங்கே இடக்கை உறையின் வாயைப் பற்றியிருக்கும். வலக்கை வாளை உருவும். உருவும் கோணம் சற்றே பிசகினால் கூர்முனை மர உறையையே அறுத்துக்கொண்டு இடக்கை விரல்களை அடையும். திரும்ப உறையிலிடும்போதும் அதே ஆபத்து. கைப்பழக்கம் வராதவனுக்குக் கூர்வாள் கொடுப்பது அவன் விரல்களைப் பணயம் வைப்பதாகும்.

இதற்கெனவே ஜப்பானில் கூரற்ற பயிற்சி வாள் உண்டு. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டது அதன் அலகு. எஃகை விடுத்து இக்கலவையை நாடியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிகளோடு வாள்களையும் கட்டுப்படுத்துகிறது. மரபு முறையில் செய்யப்பட்டுக் கலைப்பொருளாகப் பதிவுபெற்ற எஃகு வாளையே அங்கு ஒருவர் வைத்திருக்க முடியும். கலவை வாளுக்குக் கூர் இல்லை என்பதால் அச்சமே இல்லை என்று நினைக்கலாகாது. அதன் நுனி குத்தும். மற்றொரு வாளோடு மோதவும் அது ஏற்றதன்று. அதன் நீளம் ஆளின் உயரத்தைப் பொறுத்தது. ஒரு ஷாக்கு என்பது 30.3 செ.மீ. 170 செ.மீ. உயரமுள்ளவர்க்கு அலகு ஏறத்தாழ 2.4 ஷாக்கு, அதாவது 73 செ.மீ. அளவில் இருப்பது பொது வழக்கு. ஆயினும் கைநீளமும் பயிலும் பள்ளியும் இக்கணக்கை மாற்றிவிடும். சில மாதம் பயின்றபின் ஆசான் அளந்து சொல்ல வாங்குவதே முறை. அதுவரை மரவாளுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் உறையை இடுப்பில் செருகிக்கொண்டு பழகலாம்.

மரவாளால் அலகின் போக்கை உணர முடியாது என்றொரு மறுப்பு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பள்ளம் குடைந்த உலோக அலகு நேராக இறங்கும்போது சீழ்க்கையொலி எழுப்பும். கோணினால் ஒலி குன்றும். மரவாள் இப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் நிற்கவே தெரியாதவனுக்கு, தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையால் மட்டும் வீசுபவனுக்கு, அந்தச் சீழ்க்கை என்ன பயன் தரும்? காலும் இடுப்பும் பழகட்டும். ஒலி பிறகு வரும்.

மரவாள் என்று முடிவு செய்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: எந்த மரவாள்? எந்தப் பள்ளி என்று கேளாமல் இதற்கு விடை கூறவே இயலாது. கத்தோரி ஷிந்தோ பள்ளியின் மரவாள் சற்றுக் குட்டையானது, வளைவு குறைந்தது. கஷிமா ஷின் பள்ளியினுடையது தடித்தது, ஏறக்குறைய நேரானது. யாக்யூ ஷின்காகே பள்ளியார் பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்டுப் பயில்கின்றனர். சத்சுமா நாட்டு ஜிகென் பள்ளியிலோ செதுக்காத தடியே வாள். அதைக் கொண்டு நட்ட மரத்தை ஓங்கி ஓங்கி அடிப்பதே பயிற்சி! கெண்டோவில் சேர்பவர்க்கு மரவாளோடு, நான்கு மூங்கிற் பட்டைகளால் கட்டிய ஷினாயும் தேவைப்படும். கல்லூரி மாணவர்க்கு அது 120 செ.மீ. நீளத்துக்கு மேற்படாமலும், ஆடவர்க்கு 510 கிராமுக்கும் மகளிர்க்கு 440 கிராமுக்கும் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆசானைத் தேடாமல் வாளைத் தேடுவது, மாப்பிள்ளையைப் பாராமல் சட்டைக்கு அளவு கொடுப்பது போன்றதே.

பொது வழக்கிலுள்ள மரவாள் ஏறத்தாழ 102 செ.மீ. நீளமும் 500 முதல் 600 கிராம் எடையும் கொண்டது. கியூஷு தீவிலுள்ள மியாகோனோஜோ நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என இரு மரங்கள் பெருவழக்கு. எதிராளியின் வாளோடு மோதும் பயிற்சிக்கு வெள்ளை ஓக்கையே பலரும் விரும்புவர். வாங்கும்போது நிறத்தையும் மெருகையும் பார்த்து மயங்காமல், மரத்தின் ரேகையைப் பார்க்க வேண்டும். அது பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். குறுக்கே வழிந்தோடும் ரேகையும், கணுவும் உள்ள வாள் ஒருநாள் அங்கேயே ஒடியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நோக்கினால் பக்கவாட்டுக் கோணல் புலப்படும். கனமான வாளே கைக்கு வலிமை தரும் என்று ஒரு கிலோவுக்கு மேற்பட்ட தடித்த வாளை எடுப்பவர் உண்டு. மணிக்கட்டையும் முழங்கையையும் கெடுத்துக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

வாங்கி வந்ததைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வைக்க வேண்டும். சாய்த்தால் நாளடைவில் வளையும். வெயிலில் கிடந்தால் வெடிக்கும். அவ்வப்போது துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் விரலால் தடவி, சிலாம்பு எழுந்திருக்கிறதா என்று பார்த்து, சிறிதாயின் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். விரிசல் கண்டுவிட்டால் அதைக் கொண்டு மோதுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். ஷினாயின் பட்டை பிளந்திருந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும். அதன் சிலாம்பு முகக்கவசக் கம்பிகளின் இடுக்கில் நுழைந்து எதிராளியின் கண்ணைத் தாக்கும்.