‘லாட்ஜ் வேலையா?’ எனக் கேட்கும் வீடுகளுக்கு... அரியலூர், பெரம்பலூரில் விடுதி நிர்வாகத்தில் நுழைவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. “ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறேன்ப்பா” என்பாள் மகள். “படிச்சிட்டு லாட்ஜ்ல போய் நிக்கப்போறியா?” என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும். மகன் கேட்டால், “கப்பல்ல வேலைன்னா பார்க்கலாம்” என்று பாதி சம்மதமாவது கிடைக்கும். லாட்ஜ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

மகளுக்குப் பதில் சொல்லும் முன், அந்த லாட்ஜில் யார் தங்குகிறார்கள், உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

நம் ஊருக்கு யார் வருகிறார்கள்?

அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. இயந்திரம் பழுது பார்க்க வரும் இன்ஜினீயர், கணக்குப் பார்க்க வரும் ஆடிட்டர் எல்லோருக்கும் ராத்திரி தங்க அறை வேண்டும். பெரம்பலூர் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா வந்துவிட்டது. இரண்டு மாவட்டங்களிலும் மருத்துவக் கல்லூரி உண்டு.

திங்கள், வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் வரும். கங்கைகொண்ட சோழபுரம் 2004-ல் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு அங்கே எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். 2024-ல் ராம்சார் அந்தஸ்து பெற்ற கரைவெட்டிக்குக் குளிர்காலத்தில் பறவைகளும், அவற்றைப் பார்க்க ஆட்களும் வருகிறார்கள்.

ஆனால், சோழபுரம் கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் பலர் ராத்திரி தங்கப் போவது கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோதான். அவர்களை இங்கேயே தங்கவைக்க, விடுதியை நன்றாக நடத்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும். வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

உள்ளே என்ன வேலை?

வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், உணவு பரிமாறுதல் என்று நான்கு பிரிவுகள். சிறிய லாட்ஜில் முதல் இரண்டையும் ஒரே மேனேஜர் கவனிப்பார்.

வருகிறவரின் அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி சரியாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவிகிதம். அதற்கு மேல் 18 சதவிகிதம். பெட்ஷீட் கறை, பாத்ரூம் நாற்றம், நள்ளிரவில் நின்றுபோன ஏசி என எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு. 30 அறைகள் உள்ள லாட்ஜில் இன்று 18 நிறைந்தால், நிரம்பியது 60 சதவிகிதம். வாடகை 1,200 ரூபாய் என்றால் வரவு 21,600. காலியாகக் கிடந்த 12 அறைகளுக்கான 14,400 ரூபாய் போனது போனதுதான். கடையில் விற்காத சோப்பை நாளைக்கு விற்கலாம். இன்றைய ராத்திரியை நாளைக்கு விற்க முடியாது. எந்த நாளில் வாடகையைக் கூட்டுவது, எந்த நாளில் குறைப்பது, முகூர்த்த நாளுக்கு எத்தனை அறையை ஒதுக்கி வைப்பது என்று முடிவெடுப்பவர்தான் மேனேஜர். சாவி எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிவதில்லை.

எங்கே படிக்கலாம்?

பக்கத்தில் இருப்பது திருச்சி துவாக்குடியில் உள்ள அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம். சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ-வில் எந்த குரூப் எடுத்தவர்களும் மூன்றாண்டு பி.எஸ்சி படிப்புக்கு முயலலாம். ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். தேசிய கவுன்சில் நடத்தும் இந்தப் படிப்புக்கு ‘என்.சி.ஹெச்.எம் ஜே.இ.இ’ நுழைவுத்தேர்வு உண்டு. சில மாதங்கள் ஹோட்டலில் நேரடிப் பயிற்சியும் கட்டாயம். குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளும் இருக்கின்றன.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. தரமணியில் படிக்கவைக்கும் திட்டத்தை தாட்கோ அவ்வப்போது அறிவிக்கிறது.

பணம் கட்டும் முன்...

‘100 சதவிகிதம் வேலை உறுதி’ என்ற போர்டைப் பார்த்துச் சேர வேண்டாம். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது கவுன்சில் என்று எழுத்தில் கேளுங்கள். போன வருடம் படித்து முடித்த இரண்டு பேரிடம் பேசுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

கஷ்டத்தையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஊரே கொண்டாடும் பொங்கல், தீபாவளிக்கு லீவு கேட்க முடியாது. இரவுப் பணி உண்டு. பெண்கள் வேலையில் சேரும் முன், இரவு ஷிப்ட்டுக்குப் போக்குவரத்து வசதி உண்டா, புகார் செய்ய உள்ளகக் குழு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருப்பது சட்டப்படி கட்டாயம்.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. குடும்பங்கள் தங்கும் நல்ல விடுதி ஒன்றுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்தே போகலாம். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, காலை செக் அவுட் நேரத்தில் இரண்டு மணி நேரம் ரிசப்ஷன் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். அவசரத்தில் பில் கேட்பவர், வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போடுபவர், சார்ஜரை மறந்துவிட்டுத் திரும்பி வருபவர் எனப் பல பேரை அங்கே சமாளித்தாக வேண்டும். அதையெல்லாம் பார்த்த பிறகும் மகள் “இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொன்னால், அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.