கோட்டைக்குள் ஒரு சிறுவன்

செஞ்சிக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரமாகிறது. முழங்கால் வலி இன்னும் தீர்ந்தபாடில்லை. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி என்று புத்தகத்தில் படிப்பது மிகச் சுலபம். அறுபதைத் தாண்டிய கால்களைக் கொண்டு அந்த உயரத்தை அளந்து பார்ப்பது வேறு விஷயம். ஆயினும் முழங்கால் புராணம் பாடி நேயர்களின் பொறுமையைச் சோதிப்பது என் நோக்கமன்று. பாதி மலையில் என் பேரன் என்னை ஒரு கேள்வி கேட்டான். கால் வலி என்றாவது ஒருநாள் போய்விடும். அந்தக் கேள்விதான் போவதாயில்லை.

பேரனுக்கு வயது பத்து. சென்னையில் படிக்கிறான். கோட்டைகளைப் பற்றி அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவன் அறிந்த கோட்டை இங்கிலீஷ்க் கதைப் புத்தகத்தில் வரும் மந்திரவாதிகளின் பள்ளிக்கூடம். அதில் எந்தப் படிக்கட்டு இடம் மாறும், எந்தச் சுவரில் மாட்டிய படம் பேசும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், பாறை பாறையாகக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகளும் அவற்றின்மேல் வளைந்து ஏறும் மதிலும் கண்ணில் பட்டபோது, "தாத்தா, இது நிஜக் கோட்டையா?" என்று கேட்டான். நிஜத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் அளவுக்கு அவனுக்குக் கற்பனை பழகியிருந்தது!

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த சரித்திரத்தையெல்லாம் பரீட்சைக்கு ஒப்பிக்கும் மாணாக்கனைப்போல ஒப்பித்தேன். மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர் என்றேன். 1677-இல் சிவாஜி மகாராஜா இக்கோட்டையைக் கைப்பற்றியது, அவருடைய குமாரர் ராஜாராம் இங்கே வந்து தங்கி மொகலாயப் படையை எதிர்த்து நின்றது, 1714 அக்டோபரில் ராஜா தேசிங்கு ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்டது, 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் பிடித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபையார் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்ததையும், அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான் என்பதையும் சொன்னபோது என் குரலில் சிறிது கர்வம் கலந்திருக்கவும் கூடும்.

பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கொட்டாவியைக்கூட வாயை மூடித்தான் விட்டான். தேசிங்கின் குதிரையைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான் அவன் முகம் மலர்ந்தது. மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, பெரும் பிளவொன்றின்மீது பாலம் போட்டிருக்கும் இடத்தில், மூச்சு வாங்குவதற்காக உட்கார்ந்தேன். அப்போது கேட்டான்:

"தாத்தா, இத்தனை ராஜா சொன்னீங்களே, இந்தக் கோட்டையிலே என்னை மாதிரிப் பையன் யாருமே இல்லையா?"

"இருந்திருப்பான்" என்றேன்.

"அவன் பேர் என்ன?"

நான் என்ன சொல்வது? மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-இல். முற்றுகை தொடங்கிய நாளில் கோட்டைக்குள் ஒரு குழந்தை பிறந்திருந்தால், முற்றுகை முடிந்தபோது அது ஏழு வயது கடந்த பிள்ளை. மதிலுக்கு வெளியே உலகம் ஒன்று உண்டு என்பதைப் பெரியவர்கள் சொல்லித்தான் அது அறிந்திருக்கும். களஞ்சியத்தில் நெல் குறைவதைத் தாயின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சரித்திரத்துக்கு அவன் வேண்டியவனல்லன்.

அவனைத் தேடிக் கண்டுபிடித்துத் தருவதற்கென்றே ஒருவகை எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தாம் சிறுவர்களுக்கு நாவல் எழுதுகிறவர்கள். ஸ்டீவன்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் மனைவியின் மகனுக்காகக் கடற்கொள்ளைக்காரர் கதை எழுதப் புகுந்தபோது, கப்பலில் ஜிம் என்றொரு சிறுவனையும் ஏற்றிவிட்டார். 1883-இல் புத்தகமாக வந்த அந்தப் 'புதையல் தீவு' இன்றும் படிக்கப்படுகிறது. கொள்ளைக்காரர்களுக்காகவா படிக்கிறார்கள்? அந்தப் பையன் தப்பித்தானா என்று தெரிந்துகொள்ளத்தானே!

* * *

நான் பையனாயிருந்த காலத்தில் எனக்கு இந்த உபகாரத்தைச் செய்தவர் வாண்டுமாமா. புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த அரிமழத்தில் 1925 ஏப்ரல் 21-இல் பிறந்த ஸ்ரீ வி. கிருஷ்ணமூர்த்திதான் அவர். பெரியவர்களுக்குக் கதையும் நாவலும் எழுதும்போது கௌசிகன். குழந்தைகளுக்கு எழுதும்போது வாண்டுமாமா. ஒரே மனிதர், ஒரே பேனா, இரண்டு பெயர்கள். தமிழ்நாடு எந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெயரையே சற்றுக் கவனியுங்கள். 'வாண்டு' என்பது வீட்டில் ஓரிடத்தில் நிற்காத சுட்டிப் பிள்ளைக்கு நாம் இட்ட பெயர். அந்த வாண்டுகளுக்கெல்லாம் மாமா! நம் வீடுகளில் மாமா என்பவர் யார்? அப்பாவிடம் கேட்கப் பயப்படுவதைக் கேட்க இடம் கொடுப்பவர். ஊரிலிருந்து வரும்போது சட்டைப்பையில் ஏதாவது ஒளித்துக்கொண்டு வருபவர். உபாத்தியாயராக வராமல் உறவினராக வந்தார் என்பதில்தான் அவருடைய வெற்றி இருந்தது. வானொலியில் குழந்தைகளுக்குக் கதை சொன்னவரும் 'வானொலி அண்ணா'வாகத்தானே இருந்தார்?

1972-இல் 'கல்கி' காரியாலயத்தார் 'கோகுலம்' பத்திரிகையைத் தொடங்கியபோது அதில் முன்னின்று உழைத்தவர்களில் வாண்டுமாமாவும் ஒருவர். பின்னர் 1984-இல் தோன்றிய 'பூந்தளிர்' அவர் கைவண்ணத்தில் மலர்ந்தது. கபீஷ் என்னும் குரங்கும் சுப்பாண்டியும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிநேகிதர்களானது அதன் பக்கங்களில்தான். கதை, சித்திரக் கதை, விஞ்ஞானம், விநோதம் என்று நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். 'ஓநாய்க் கோட்டை', 'மர்ம மாளிகையில் பலே பாலு', 'புலி வளர்த்த பிள்ளை' என்ற தலைப்புக்களைப் படித்தாலே போதும்; சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரல் காதில் விழாது. என் அம்மா எத்தனை முறை கூப்பிட்டுச் சலித்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் படிப்பதனால் என்ன லாபம் என்று கேட்கும் பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்லுகிறேன். 1950 முதல் 1972 வரையில் ஸ்ரீ ஆர்வி அவர்களை ஆசிரியராகக் கொண்டு 'கண்ணன்' என்ற சிறுவர் பத்திரிகை நடந்தது. அது நடத்திய நாவல் போட்டியில் 'நந்திமலைச் சாரலிலே' என்ற கதைக்குப் பரிசு கிடைத்தது. எழுதியவர் இருபது வயது நிரம்பாத ஒரு பெண். அவர்தான் அம்பை, 2021-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாடமிப் பரிசைப் பெற்ற அதே அம்பை. சிறுவர் பத்திரிகையின் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தாம் பிற்பாடு இலக்கியத்தின் கூடத்துக்குள் வருகிறார்கள்.

ஆனால் திண்ணை கட்டிக் கொடுத்தவரை நாம் எப்படி நடத்தினோம்? சாகித்திய அகாடமியின் ஆண்டுப் பரிசுகள் 1955-இல் தொடங்கின. குழந்தை இலக்கியத்துக்கென்று தனிப் பரிசு வந்தது 2010-இல். நடுவே 55 ஆண்டுகள்! அந்தப் பரிசு வந்தபோது வாண்டுமாமாவுக்கு வயது 85. 2014 ஜூன் 12-இல் அவர் காலமானார். பரிசு பெற்றவர்களின் ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை.

அரசாங்கத்தையும் சபைகளையும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. என் தகப்பனார் எனக்காகக் 'கோகுலம்' இதழ்களைச் சேர்த்து, காலிகோ துணி போட்டு, பைண்டு செய்து வைத்திருந்தார். ஐந்து பெரிய தொகுதிகள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது, இடமில்லை என்று சொல்லி அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். அவர் தராசில் வைத்தார். நான் காசை எண்ணி வாங்கிக்கொண்டேன். அந்தப் பணத்தில் என்ன வாங்கினேன் என்பது கூட ஞாபகமில்லை. செஞ்சியில் பேரன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "இந்தா, இதைப் படி" என்று எடுத்துக் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை. கோட்டையைக் காப்பாற்ற யுனெஸ்கோ வந்துவிட்டது. என் அலமாரியை நான்தானே காப்பாற்றியிருக்க வேண்டும்?

* * *

மனம் சோர வேண்டியதில்லை. மாமாக்கள் அடியோடு அற்றுப் போகவில்லை. கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் என்ற எழுத்தாளர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பண்டைப் பொருள்களைப் பற்றி நாமெல்லாம் பத்திரிகையில் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அவரோ ஆதன் என்னும் சிறுவனை அந்தக் காலத்தில் உலவவிட்டு, 'ஆதனின் பொம்மை' என்று இளையோர்க்கு ஒரு நாவல் எழுதினார். 2023-இல் அதற்குச் சாகித்திய அகாடமியின் பாலர் இலக்கியப் பரிசு கிடைத்தது. கீழடிக்கு ஒரு பையன் கிடைத்துவிட்டான்! செஞ்சியிலும் களஞ்சியம் இருக்கிறது, கல்யாண மஹால் இருக்கிறது, ஆனைக்குளம் இருக்கிறது, பாறை நடுவே கைதிகளைத் தள்ளினார்கள் என்று சொல்லப்படும் பயங்கரக் கிணறும் இருக்கிறது. ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருஷ ஆரம்பத்தில் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகமும் உரைநூலும் வாங்கும்போது, விலையைப் பற்றி நாம் முணுமுணுப்பதில்லை. அத்துடன் ஒரு தமிழ்க் கதைப் புத்தகமும் சேரட்டும். வாங்கிக் கொடுத்துவிட்டு, "படித்தாயா?" என்று மிரட்ட வேண்டாம். இரவு விளக்கை அணைப்பதற்குமுன் நீங்களே ஓர் அத்தியாயம் உரக்கப் படியுங்கள். இங்கிலீஷ்க் கோட்டையில் பிள்ளைகள் விளையாடுவதில் தவறொன்றுமில்லை. தங்கள் ஊர்க் கோட்டைக்கும் வாசல் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கி லாயத்தருகே வந்தபோது பேரன் நின்றான்.

"அந்தப் பையன் தேசிங்கு ராஜாவோட குதிரைக்குப் புல்லு போட்டிருப்பான், தாத்தா."

"போட்டிருப்பான்."

"ராஜா சண்டைக்குப் போன அன்னிக்கு அவன் எங்கே இருந்தான்?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே, பத்திரிகைக்காரர்களின் பழைய தந்திரத்தைக் கையாண்டேன்.

"தொடரும்" என்றேன்.

அது முதல் தினம் இரவு ஒன்பது மணிக்கு அவனிடமிருந்து டெலிபோன் வருகிறது. இதுவரை ஒன்பது அத்தியாயம் ஆகியிருக்கிறது. வாண்டுமாமா எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.