கிளியைக் கேட்காதீர்!

கூண்டுக் கதவு திறக்கிறது. கிளி வெளியே வருகிறது. அடுக்கி வைத்த சீட்டுகளில் ஒன்றைக் கொத்திப் போட்டுவிட்டு, நெல்மணிக்காக அலகை நீட்டுகிறது. சோதிடனோ, அந்தச் சீட்டில் நமது எதிர்காலமே எழுதப்பட்டிருப்பதாகச் சாதிக்கிறான்! கேட்டுக் கைகொட்டிச் சிரித்தவர்கள் நாம். சிரிக்கக் கற்றுத் தந்தது பகுத்தறிவு.

ஆனால், அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆரூடம் ஒன்று இருக்கிறதே, அதை அவ்வளவு எளிதில் சிரித்துத் தள்ளிவிட இயலவில்லை. ஆஸ்கார் விருதுக்கு எந்தெந்தப் படங்கள் பரிந்துரைக்கப்படும் என்று ஏடுகள் முன்கூட்டியே பட்டியல் வெளியிடுகின்றன. அறிவிப்பு வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பகுதி பலித்திருக்கிறது!

எப்படிப் பலிக்கிறது? கோள்களைப் பார்த்தா? கைரேகையைப் பார்த்தா? இல்லை, வாக்காளரைப் பார்த்து! ஆஸ்கார் அகாதமியில் நடிகர்களை நடிகர்களே பரிந்துரைக்கின்றனர்; இயக்குநர்களை இயக்குநர்களே. சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாப் பிரிவினரும் வாக்களிக்கின்றனர். அவர்களிற் பலர் தத்தம் தொழிற்சங்கங்களிலும் உறுப்பினர். சங்கங்களோ தங்கள் விருதுப் பரிந்துரைகளை முன்னதாகவே அறிவித்து விடுகின்றன. பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க ஒரு சோறு போதாதா?

வாக்காளர் யார் என்று தெரிந்துவிட்டால், விருது யாருக்கு என்பது மட்டுமன்று, யாருக்கு இல்லை என்பதும் தெரிந்துவிடும். 2012-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏடு கணக்கெடுத்துச் சொன்னது: அகாதமி வாக்காளரில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆடவர். விளைவு என்ன? 2015-இல் நடிப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்ட 20 பேரும் வெள்ளையர். 2016-இலும் இருபதுக்கு இருபது!

கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தைச் சித்திரித்த படம் 'செல்மா'. 2015-இல் அது சிறந்த படத்துக்கான பட்டியலில் ஏறிற்று. ஆனால், அதை இயக்கிய ஏவா டுவெர்னேக்கும், கிங்காக நடித்த டேவிட் ஒயெலோவோவுக்கும் அவரவர் பிரிவில் இடமில்லை. வாக்குரிமையைப் பாடிய படத்துக்கே வாக்குப் பஞ்சம்!

கண்டனக் குரல் எழுந்தது. பெண்களையும் பிற இனத்தவரையும் 2020-க்குள் இரு மடங்காக்குவோம் என்று 2016 ஜனவரியில் அகாதமி உறுதி கூறிற்று. அயல்நாட்டுக் கலைஞர் பலர் உறுப்பினராயினர். 2020-இல் தென்கொரியாவின் 'பாரசைட்' சிறந்த படமென விருது பெற்றது. ஆங்கிலமல்லாத மொழிப் படமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை! தகுதியுள்ள படங்கள் முன்பும் இருந்தன. தகுதியைக் காணும் கண்கள்தாம் பெருகின.

நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பன்னாட்டுப் படப் பிரிவுக்கு, ஒரு நாட்டுக்கு ஒரு படம் என்ற முறையில், இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுத்து அனுப்புவது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. பாயல் கபாடியா இயக்கிய, பெரிதும் மலையாளம் பேசும் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. அதைத்தான் அனுப்புவர் எனக் கணித்தோர் பலர். தேர்வுக் குழுவில் இருந்தோர் 13 பேர், அனைவரும் ஆடவர். அனுப்பப்பட்டது 'லாபத்தா லேடீஸ்' என்னும் இந்திப் படம். அதை இயக்கியவரும் ஒரு பெண்மணி, கிரண் ராவ். அப்படத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும், அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 15 படங்களின் முதற்பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைக்கவில்லை.

1969-இன் 'தெய்வமகன்' முதல் 2021-இன் 'கூழாங்கல்' வரை, அனுப்பப்பட்ட தமிழ்ப் படம் எதுவும் இறுதி ஐந்தில் நின்றதில்லை. அதற்காகக் கண்ணீர் வடிக்கவில்லை நாம், நீதி கேட்கிறோம்! பல மொழிகள் வாழும் நாட்டுக்கு வாசல் ஒன்றே என்றால், வாசற்காவலர் ஒரே சாயலினராய் இருத்தல் தகுமா? குழுவில் பெண்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு மொழியின் கலைஞனுக்கும் குரல் வேண்டும். தேர்ந்ததற்கும் தள்ளியதற்கும் காரணம் எழுத்தில் வேண்டும்.

எந்தச் சீட்டு வரும் என்று கிளியைக் கேட்காதீர். சீட்டுகளை அடுக்கி வைத்தவர் யார் என்று கேளுங்கள்!