உறைக்கு மட்டும் தவணை

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபர் 27 அன்று பிறப்பித்த ஆணை, மார்பக உள்வைப்புகளின் விற்பனையையே ஒரு நிபந்தனைக்குள் கொண்டுவந்தது: ஆபத்துகளை வரிவரியாகச் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியலை நோயாளியுடன் அமர்ந்து படித்து, அவர் கையொப்பமிட வாய்ப்பளிப்போருக்கு மட்டுமே உற்பத்தியாளர் விற்கலாம். உள்வைப்பைச் சூழும் வடுத்திசுவில் தோன்றும் நிணநீர்ப் புற்றான பிஐஏ-ஏஎல்சிஎல் காரணமாகச் சொரசொரப்பான பயோசெல் வகை 2019 ஜூலையில் திரும்பப் பெறப்பட்ட பின்னும் ஈராண்டு கழிந்தது என்ற குறை இருந்தாலும், ஆணை வரவேற்கத்தக்கதே.

ஆனால் அந்தப் பட்டியலில் மனம் எந்த இடத்தில் நிற்கிறது? மனச்சோர்வும், இல்லாத குறையை உடலில் கண்டு ஓயாமல் வருந்தும் தோற்றப் பிறழ்வுக் கோளாறும் அறுவைக்கு முன்பே நோயாளி சுமந்துவரும் இடர்களாகக் கருதப்படுகின்றன. அறுவைக்குப் பின் அவர் மனநிலையைக் கேட்டறியும் கடமை எவர்மீதும் சுமத்தப்படவில்லை. சாதனத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு சாதனத்தைப் பற்றித்தான் பேசும் என்ற சமாதானம், மனத்தை இடராக எண்ணிய கணமே செல்லாததாகிவிடுகிறது. சிலிக்கோன் உறை ஓசையின்றிக் கிழிந்துள்ளதா என்றறிய 5-6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பின்னர் 2-3 ஆண்டுக்கொருமுறை என உறைக்குத் தவணை குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, விளக்கை அணைத்த பின்னரே ஆடை மாற்றும் பழக்கம் படிவது கண்ணில் படவில்லை. இரு பக்கமும் ஒத்திருக்கும் நிழற்படத்தைக் கண்டு நிறைவடையும் நம் அறுவை மருத்துவத் துறையும் இதில் பங்காளிதான்.

அளக்கும் கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2009இல் வெளியான பிரெஸ்ட்-க்யூ, நோயாளியே நிரப்பி 0 முதல் 100 வரை மதிப்பிடப்படும் வினாத்தாள். ஆடையின்றிக் கண்ணாடியில் பார்க்கையில் தோன்றும் திருப்தியையும், மனநலத்தையும் பாலியல் நலத்தையும் அது தனித்தனியே கேட்கிறது. இருந்தும் அது ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைக்குப் பயன்படும் அளவுக்குப் புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு வந்து சேரவில்லை. புறக்கணிப்பு புதிதுமன்று. மார்பக நீக்கத்துக்குப் பிந்தைய சீரமைப்பைக் காப்பீட்டுக்குள் கொணர்ந்த 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மறு மார்பைச் சமன்செய்யும் அறுவையையும், நிணநீர் தேங்கிக் கை வீங்கும் லிம்ஃபெடிமாவையும் மறவாமல் குறிப்பிட்டது. சிக்கல்கள் என்று பொதுவாகச் சொல்லாமல் உடற்சிக்கல்கள் என்று எழுதியதால் மனம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. சட்டம் இயற்றியோர் அந்த ஒரு சொல்லைத் திருத்தக்கூட இத்தனை ஆண்டுகளில் முனையவில்லை.

அவர்கள் முனையும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஸ்கேனுக்கு வருபவர் எப்படியும் வரவேற்பறையில் அரை மணி உட்கார்ந்திருப்பார். அந்த வினாத்தாளை அப்போதே அவரிடம் கொடுத்து, ஸ்கேன் அறிக்கையோடு சேர்த்தே மருத்துவர் படிக்கலாம்.