இறுகிய போல்ட்டும் சம்மட்டியும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நம் சங்கத்திலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு அந்த வண்டி வந்து நின்றால் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிகளின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் விதத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. துருப்பிடித்து இறுகிப்போன சஸ்பென்ஷன் போல்ட்டை எப்படியாவது முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும் என்று போராடுவது தப்பு. அதை அறுத்துப் போட வேண்டும். இதைச் சொன்னால் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. மெக்கானிக்குகளுக்கு அதைவிட அதிகமாக வருகிறது.

நண்பர் ஒருவரின் மகன் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இரண்டு இருக்கை வண்டி. 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம்மவர்களுக்கு அது முற்றிலும் அந்நியமான வண்டி அல்ல. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதல்லவா? ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் வம்சம். மேலே உள்ள உடுப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் முன் சஸ்பென்ஷனும் பின் சஸ்பென்ஷனும் ஏறக்குறைய ஒரே குடும்பச் சாயல்தான். ஆகவே அப்பாவின் ஹெரால்டை இன்னமும் மூடி வைத்துக் காப்பாற்றி வருபவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

இந்த வண்டியில் பின்சக்கரம் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு நுனியிலும் ஒரு வெர்டிகல் லிங்க் தொங்குகிறது. அந்த லிங்க்கின் கீழ்முனையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே சக்கர பேரிங்கின் வீடு உட்காருகிறது. இதற்கு ட்ரனியன் என்று பெயர். தகடு, ட்ரனியன், தகடு என்று மூன்றையும் கோத்துக்கொண்டு நீளமான ஒரே போல்ட் போகிறது. ட்ரனியனுக்குள் நைலான் புஷ்கள், அவற்றுக்குள் ஓர் எஃகுக் குழல், அந்தக் குழலுக்குள் போல்ட். தொந்தரவு இங்கேதான் பிறக்கிறது. போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடைவெளி. சக்கரம் வாரியடிக்கும் மழைநீர் அதில் ஏறினால் சுலபத்தில் வெளியே வராது. இரும்பு துருவானால் முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் ஏது? ஆகவே உள்ளிருந்தே நெருக்கி, போல்ட்டையும் குழலையும் ஒரே துண்டாக்கி விடுகிறது. மும்பையில் நான்கு மாத மழையும் கடற்காற்றும் இருக்கின்றன, கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. நட்டைக் கழற்றிவிட்டு போல்ட் தலையில் ஸ்பேனரைப் போட்டால் அது அழகாகச் சுற்றும். "பார்த்தீர்களா சார், இளகிவிட்டது, இன்னும் இரண்டு அடி" என்பார் மெக்கானிக். உண்மையில் சுற்றுவது போல்ட் மட்டுமல்ல. குழலையும் சேர்த்துக்கொண்டு நைலான் புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. நாள் முழுக்கச் சுற்றினாலும் ஓர் அங்குலம்கூட வெளியே வராது.

அந்தப் பையனின் வண்டியிலும் இதுதான் நடந்தது. முதலில் சுத்தியல், பிறகு ஐந்து கிலோ சம்மட்டி. போல்ட்டின் நுனி காளான் போல் விரிந்தது. விரிந்த நுனி துளை வழியாக எப்படித் திரும்பிப் போகும்? அடியெல்லாம் லிங்க்கின் தகட்டில் இறங்கி, தகடு வளைந்துவிட்டது. வளைந்த லிங்க்கோடு வண்டியை ஓட்டினால் சக்கரம் சரிந்து நிற்கும், டயர் ஓரம் தேயும், வேகத்தில் திரும்பும்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. போல்ட்டையோ நூறு ரூபாய்க் கணக்கில் வாங்கிவிடலாம். லிங்க்கை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது சோர் பஜாரில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். மலிவானதைக் காப்பாற்றப் போய் விலை உயர்ந்ததைக் கெடுத்தார்கள்.

"ஒரிஜினல் போல்ட் சார்" என்று அந்தப் பையன் சொன்ன சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கார்ப் பிரியர்களுக்கு ஒரிஜினல் என்ற சொல்லில் ஒரு மோகம். வண்டியின் உடலில், விளக்கில், டாஷ்போர்டில் அந்த மோகம் இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் துருவில் ஊறிய ஒரு போல்ட் மேல் மனிதர்கள் உட்கார்ந்து போகக் கூடாது. ரயில்வே காரேஜ் பட்டறையில், பீரியாடிகல் ஓவர்ஹாலுக்கு வந்த பெட்டியிலிருந்து உருவிய ஸ்பிளிட் பின்னைத் திரும்ப மாட்டும் பேச்சே கிடையாது. அது நன்றாகத்தான் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் ஃபோர்மன் அவனை மேலும் கீழும் பார்ப்பார். சக்கரத்தை அச்சிலிருந்து பிரிப்பதற்கு ஹைட்ராலிக் பிரஸ். எத்தனை டன் அழுத்தம் ஏறுகிறது என்று மானியைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அங்கே பலசாலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலத்தை அளந்து கொடுப்பதுதான் வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

அறுப்பது எப்படி? ட்ரனியனுக்கும் லிங்க் தகட்டுக்கும் இடையே மெல்லிய வாஷர்களும் ரப்பர் வளையமும் இருக்கும். அங்கே ஹாக்ஸா சட்டம் நுழையாது. வெறும் பிளேடை எடுத்து ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள நல்ல பிளேடு நாலைந்து வேண்டும். போல்ட் உரமான எஃகு. ஒரு பக்கம் அறுக்க அரை மணிக்கு மேலும் ஆகலாம். மின்சார ரம்பம் இருந்தால் சீக்கிரம் முடியும். இரண்டு பக்கமும் அறுத்ததும் ட்ரனியன் தானாகக் கையோடு வந்துவிடும். உள்ளே மிஞ்சிய துண்டையும் குழலையும் புஷ்ஷோடு பென்ச் வைஸில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொள்ளலாம். எல்லாமே எப்படியும் புதிதாகப் போட வேண்டியவைதான். கிரைண்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் வட்டு தகட்டையும் சேர்த்துத் தின்னும். தவிர, ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டாங்க் இருக்கைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது, தீப்பொறி பறக்க உகந்த இடம் அல்ல. காஸ் டார்ச்சுக்கும் இதே ஆட்சேபணை. நைலானும் ரப்பரும் உருகி எரிந்து நாற்றமெடுக்கும்.

சூடே கூடாது என்பதல்ல. டாங்க்குக்கும் பிரேக் ஹோஸுக்கும் தூரத்தில், ரப்பர் இல்லாத இடத்தில் இருக்கும் நட்டுக்குச் சூடு நல்ல வைத்தியம். 25 மில்லிமீட்டர் துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பமாக இருக்கும், துருவின் பிடியை உடைக்க அது போதும். எண்ணெய் விஷயத்திலும் அவசரம் உதவாது. கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 என்பது 1953ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது; துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் வேறு இருக்கின்றன. எதுவானாலும் முதல்நாள் மாலை விட்டு, இரவு இன்னொரு தரம் விட்டு, மறுநாள் காலையில்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் கேட்கும் சொந்தக்காரர்தான் பாதிச் சம்மட்டிக்குக் காரணம்.

சுத்தியலுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. ஸ்டியரிங் கம்பியின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் கூம்பு வடிவத் துளையில் இறுகியிருக்கும். அதைக் கீழிருந்து மேலே அடித்தால் மரை கெடும். நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டு, துளை இருக்கும் கையின் இரு பக்கங்களிலும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஓர் அடி. துளை ஒரு கணம் நசுங்கி மீளும்போது கூம்பு டக்கென்று விடுபடும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வீட்டு வாசலில் வண்டியைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டு அடியில் படுக்கிறார்கள். செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்கக் கூடாது. சமதரையில் இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். சம்மட்டி அடியில் வண்டியே ஆடும் என்பதை யாரும் நினைப்பதில்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை லிங்க்கிலிருந்து விடுவிக்குமுன் லிங்க்கின் கீழே ஜாக்கி கொடுத்து அதன் விறைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு ஒன்றாக வெளியே வரும். அதற்குரிய கருவியால் ஸ்பிரிங்கை அமுக்காமல் தலை நட்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. கழற்றிய சக்கர பாகத்தை பிரேக் ஹோஸில் தொங்கவிடவும் கூடாது. ஒரு கம்பியால் கட்டி வைப்பது ஒரு நிமிஷ வேலை.

திரும்ப மாட்டும்போது தெருமுனைக் கடை போல்ட் வேண்டாம். இந்த வண்டிகளில் இருப்பது அங்குல அளவு மரை. தலையில் மூன்று கோடு போட்ட ரகமாவது வேண்டும், அது மெட்ரிக்கில் 8.8க்குச் சமானம். மரை இல்லாத பாகம் தகடுகள் வரை எட்ட வேண்டும். மரை தகட்டில் உட்காரக் கூடாது. காப்பர் அல்லது கிராஃபைட் கலந்த கிரீஸை போல்ட்டின் உடம்பில் பூசுங்கள், மரையில் வேண்டாம். மரையில் பூசினால் புத்தகத்தில் உள்ள முறுக்கு அளவு அதிகமாகிவிடும். இந்த ஐந்து ரூபாய் கிரீஸை முன்பு மாட்டியவர் பூசியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. முன்பக்க விஷ்போனின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன்பக்கத்திலும் ட்ரனியன் உண்டு. அது வெண்கலம், லிங்க்கின் மரை அதற்குள் திருகி நிற்கிறது. இடது வலது மாற்றி மாட்டக் கூடாது. அதற்கு கிரீஸ் அல்ல, பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் இ.பி. 90 கெட்டி எண்ணெயைத்தான் தயாரிப்பாளர் விதித்தார். அது வறண்டு தண்ணீர் புகுந்தால் மரை அரித்து லிங்க் முறிந்து, ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும். மழைக்காலத்துக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம், அதற்கென்று தனியாக வைத்திருக்கும் கன்னால், பழைய எண்ணெய் பிதுங்கிப் புதியது கசியும் வரை அடித்து விடுங்கள்.