வட்டி இல்லாத விமர்சனம்

ஒரு கவிதையைப் பற்றி அபிப்ராயம் கேட்டால் நம்மவர்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: 'இன்ட்ரஸ்டிங்'. நன்றாக இருக்கிறது என்றால் ஏன் என்று கேட்பார்கள். மோசம் என்றால் பகை. இரண்டுக்கும் பயந்தவர்கள் ஒதுங்க இது ஒரு தாழ்வாரம்.

லத்தீன் மூலத்தில் இதற்கு 'இடையில் இருப்பது' என்று பொருள். கெடு தவறிய கடனால் கொடுத்தவனுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு என்று இடைக்கால ஐரோப்பியச் சட்டத்தில் புழங்கி, பின்னால் ஆங்கிலத்தில் வட்டியாயிற்று. சொத்தில் பாத்தியதை, ஒரு சாராரின் நலன், மனசின் ஈடுபாடு, கதையின் சுவாரஸ்யம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். தமிழ் இவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்தப் பிரிவினை சௌகரியமானது.

வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கே.கே. நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாட்டுத்தாவணிச் சந்தையில் கடன் வாங்கியவர்களுக்குத் தண்டல் வேறு, கந்து வட்டி வேறு, மீட்டர் வட்டி வேறு. 2003இல் தமிழ்நாடு அரசு அநியாய வட்டியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் ஆங்கில வாசகத்திலேயே இந்தச் சொற்களை அப்படியே போட்டு விளக்கம் தர வேண்டியிருந்தது. ஆங்கிலச் சொல் ஒன்று அங்கே போதவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த இந்தப் பிரக்ஞை நம் விமர்சகர்களுக்கு இல்லை.

மாத்யூ ஆர்னால்ட் 1864இல் விமர்சகனிடம் 'டிஸ்இன்ட்ரஸ்டட்னஸ்' வேண்டும் என்றார். கட்சி லாபம், காரிய லாபம் பார்க்காமல் விஷயத்தைப் பார் என்பதுதான் அதன் சாரம். நம்மிடம் அது 'பற்றின்மை'யாக வந்து இறங்கி, சீக்கிரமே அக்கறையின்மையாகிவிட்டது. நலன் பாராதே என்றவர், எதிலும் பட்டுக்கொள்ளாதே என்று சொன்னதாகக் கொண்டுவிட்டோம். நடைமுறையோ நேர் தலைகீழ். நலன்கள் ஏராளம்: நண்பரின் தொகுப்பு, தன் பதிப்பாளர், அடுத்த கூட்டத்தில் மேடை. அக்கறைதான் இல்லை. 'இன்ட்ரஸ்டிங்' என்ற ஒரே சொல், இருப்பதையும் இல்லாததையும் சேர்த்து மூடிவிடுகிறது.

ஆங்கிலத்தை விரட்டச் சொல்லும் தனித்தமிழ்க் கோஷம் அல்ல இது. நம்மிடம் இல்லாத ஒன்றைச் சொல்ல வருகிற சொல் தாராளமாக வரட்டும். எதையும் சொல்லாமலிருக்க வரவழைக்கப்பட்ட சொல்லின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

கவிதை உங்களைத் தொந்தரவு செய்ததா, அலுப்பூட்டியதா? பாதியில் மூடி வைத்தீர்களா? அல்லது எழுதியவர் உங்களுக்கு வேண்டியவரா? எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள்.