‘ஃப்ரீ’ படுத்தும் பாடு

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களை ‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி காலைவாரும். 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தபோது, அது ‘இலவசம்’ அல்ல, ‘சுதந்திரம்’ என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சர்ச்சை ஓய்ந்துவிட்டது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இப்போது லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள். ஆனால் அதே லினக்ஸுக்குள் இந்தச் சொல் மூன்றாவது அர்த்தத்தில் உட்கார்ந்திருக்கிறது: ‘காலி’.

ஸ்ரீவராகத்தில் டிடிபி சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டரில் 8 ஜிபி மெமரி. காலி என்று திரை காட்டியதோ 300 எம்பி. “ஏதோ ஒண்ணு மெமரியைத் தின்னுது சார்” என்றார். பழுது பார்க்க வந்தவர், மணிக்கு ஒரு தரம் கேஷைத் துடைக்கும் கட்டளையை எழுதிவைத்துவிட்டு, இன்னொரு 8 ஜிபிக்கு விலையும் சொல்லிவிட்டுப் போனார். காலி எண்ணிக்கை கூடியது. கூடவே, ஒவ்வொரு துடைப்புக்குப் பிறகும் ஃபைல் திறக்க நேரமும் கூடியது.

சாலை பஜாரில் ஒரு மொத்த வியாபாரியைக் கவனியுங்கள். ஒருவர் கேட்டார் என்று கிடங்கிலிருந்து மிளகு மூட்டையைக் கொண்டுவந்தால், விற்ற கையோடு மீதியைத் திருப்பி அனுப்ப மாட்டார். அடுத்தவரும் கேட்கலாம். புதுச் சரக்கு வந்து இறங்கினால்தான் முன்கட்டை ஒழிப்பார். லினக்ஸின் கெர்னலும் இதைத்தான் செய்கிறது. டிஸ்க்கிலிருந்து ஒரு தரம் படித்ததை, வேறு தேவை வரும்வரை மெமரியிலேயே வைத்திருக்கிறது. அதுதான் கேஷ். வெறுமனே கிடக்கும் மெமரியால் யாருக்கும் லாபமில்லை.

தேவை வந்தால்? காலியிடம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ‘கேஸ்வாப்டி’ என்ற பின்னணி வேலையாள் விழித்துக்கொள்கிறது. அடிக்கடி பயன்படும் பக்கங்கள் ஒரு பட்டியலில், வெகுநேரம் தொடப்படாதவை இன்னொன்றில். இரண்டாவதிலிருந்து கழிக்கும். டிஸ்க்கில் அப்படியே பிரதி இருக்கும் பக்கமென்றால் உடனே விட்டுவிடலாம். திருத்தி இன்னும் எழுதப்படாத பக்கத்தை முதலில் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். இந்த வேலையாளால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், மெமரி கேட்ட புரோகிராமே நின்று இடத்தை ஒழிக்க வேண்டியதுதான். உங்கள் திரை உறைந்து நிற்கும் கணங்களில் சில இப்படிப்பட்டவை.

கேஷைத் துடைக்கும் வசதி 2006இல் 2.6.16 கெர்னலில் வந்தது. பரிசோதனைக்கும் பிழை தேடுவதற்கும் தவிர வேறெதற்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆவணத்தை யார் படிக்கிறார்கள்!

2014இல் வந்த 3.14 கெர்னல் இன்னொரு கணக்கையும் தரத் தொடங்கியது: ‘அவைலபிள்’. காலியானதோடு, சிரமமில்லாமல் மீட்கக்கூடிய கேஷையும் சேர்த்த மதிப்பீடு. தமிழில் ‘கொடுக்க முடிந்தது’ என்பேன். நண்பரின் திரையில் அந்த எண் 5 ஜிபிக்கு மேல். புது மெமரிக்கு எடுத்துவைத்த பணம் பிரிண்டர் டோனருக்குப் போனது.

எல்லோருக்கும் இப்படி முடியாது. ‘அவைலபிள்’ எண்ணே சரிந்து, டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்கும் மெமரிக்கும் இடையே ஓயாமல் போக்குவரத்து நடந்தால் அது நிஜமான பஞ்சம். அப்போது மெமரி வாங்கத்தான் வேண்டும். எந்தப் பக்கத்தைக் கழிப்பது என்பதிலும் கெர்னல் தப்புக்கணக்குப் போடுவதுண்டு. கழித்த மறுநொடியே அதே பக்கம் தேவைப்படும். இதைக் குறைக்க, பக்கங்களை இரண்டு பட்டியலாக அல்லாமல் பல தலைமுறைகளாகப் பிரித்து வயது பார்க்கும் முறையை கூகுள் பொறியாளர் யூ ஜாவ் எழுதினார். 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலில் அது சேர்ந்தது. மெமரி குறைந்த பழைய இயந்திரங்களை வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் முயன்றுபார்க்கலாம்.